மூன்று மணிக்குக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவர்

பேசுவதற்கு ஒன்றுமில்லாதவர்கள் உலகம் முழுவதும் பேசிக்கொள்வதற்காக ஏற்பட்ட அமைப்பு என்று அந்தச் சங்கத்தைச் சொன்னால் அதன் உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகையால் அவர்கள் சொல்லும் விதமாகவே சொல்லிவிடலாம். அது பொழுதுபோக்கு வானொலியாளர் சங்கம். புயல் அடித்து, கம்பங்கள் சாய்ந்து, தொலைபேசிகள் ஊமையாகி, அரசாங்கமே வாயடைத்து நிற்கப்போகும் நாளில், வீட்டு மாடியிலிருந்து வானொலிக் கருவியில் பேசி நாட்டைக் காப்பாற்றப் போகிறவர்கள் அவர்கள்தாம். அந்த நாள் இன்னும் வரவில்லை. வராத குறையை அவர்கள் ஒத்திகைகளால் ஈடுசெய்துகொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரியின் கணவர் அந்தச் சங்கத்தின் துணைச் செயலாளர். அவளுக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. பார்வையைச் சோதிப்பதும் சட்டம் பொருத்துவதும் அவளே. அவருக்கு வீட்டின் மாடியறை. அவள் துணி உலர்த்திய கொடியை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் ஏரியல் கம்பி கட்டினார். மாடியிலிருந்து தண்ணீர்த்தொட்டியின் உச்சிக்கு ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டுவதற்காக, கடையின் பெயர்ப்பலகை துடைக்கும் மூங்கில் ஏணியையும் கொண்டுபோய்விட்டார். பெயர்ப்பலகையில் தூசி படிந்தது. அவருக்குத் தூரதேசத்து நண்பர்கள் கிடைத்தார்கள்.

சங்கத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புக் குறிதான் பெயர். மனைவிமார்களுக்கு அழைப்புக் குறியும் கிடையாது. உறுப்பினரின் மனைவியை 'முன்னாள் இளம்பெண்' என்று குறிப்பிடுவது உலகெங்கும் அவர்களிடையே வழங்கும் மரபு. இந்த மரபைக் கணவர் விளக்கியபோது கண்ணாடிக்கடைக்காரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்று சாப்பாட்டில் மட்டும் உப்பு இல்லை.

விடைபெறும்போது 'வணக்கம்' என்று சொல்லமாட்டார்கள். 'எழுபத்து மூன்று' என்பார்கள். குரல் எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள்: தெளிவுக்கு ஐந்து வரை, வலிமைக்கு ஒன்பது வரை. ஒருநாள் மாடியறையிலிருந்து கணவர் கத்தியது கீழே அடுக்களைவரை கேட்டது. "நீங்கள் ஐந்து ஒன்பது! மிகத் தெளிவு! தயவுசெய்து உங்கள் குறியை மறுபடி சொல்லுங்கள், ஒன்றுமே கேட்கவில்லை!"

அவர் இறங்கி வந்ததும் அவள் கேட்டாள். "ஒண்ணுமே கேக்கலைன்னா எதுக்கு முழு மார்க் போட்டீங்க?"

"அது ஒரு மரியாதை. எல்லாரும் எல்லாருக்கும் அதைத்தான் கொடுப்போம்."

"அப்ப நெஜமாவே நல்லாக் கேட்டா?"

"அதுக்கும் ஐந்து ஒன்பதுதான்."

அவள் கடைக்கும் அப்படிப்பட்டவர்கள் வருவதுண்டு. வண்டி ஓட்டும் உரிமத்துக்காக, சுவரிலுள்ள எழுத்துப் பலகையை வெளியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். பலகையை அவள் எடுத்துவிட்ட பிறகும் ஒப்பித்துக்கொண்டிருந்த ஒருவர் உண்டு. ஆனால் அவருக்குச் சங்கம் கிடையாது, செயற்குழு கிடையாது.

அவ்வாண்டு விமானப்படை நடத்திய விமானக் காட்சியில் வானொலிச் சங்கத்துக்கு ஒரு கூடாரம் கிடைத்தது. பல ஆண்டு விண்ணப்பத்தின் பலன் என்று தலைவர் கண்கலங்கினார். இளைஞர்களை இந்தப் பொழுதுபோக்கின்பால் ஈர்ப்பது நோக்கம். அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: விமானங்களுக்கு இடையூறு நேரக்கூடும் என்பதால், சங்கத்தார் எந்த வானொலிக் கருவியையும் இயக்கக் கூடாது.

செயற்குழுவில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தலைவர் எழுந்து பேசினார். அவர் பேசும்போது முதல் வரிசையில் யாரும் உட்காரமாட்டார்கள், எச்சில் தெறிக்கும்.

"யார் வேணும்னாலும் பேசலாம். கருவியக் கையில வெச்சுக்கிட்டு பேசாம இருக்கறதுக்குத்தான் பயிற்சி வேணும். இத்தன வருஷமா நாம எதுக்காகத் தயாரானோமோ, அது வந்திருச்சு!"

கைத்தட்டல் நெடுநேரம் நீடித்தது.

ஒவ்வோர் உறுப்பினரும் பொதுமக்களாக இருவரை அழைத்து வரவேண்டும் என்று தீர்மானம். துணைச் செயலாளருக்கு மனைவியும் மாமனாரும் பொதுமக்களாயினர்.

மாமனார் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஓய்வுபெறும்வரை லிஃப்ட் இயக்கியவர். ஏறச் சொன்னால் ஏறினார், இறங்கச் சொன்னால் இறங்கினார். எந்த மாடியில் நிற்பது என்பதை ஒருநாளும் அவர் தீர்மானித்ததில்லை. அந்தப் பழக்கம் உடம்போடு ஊறிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் எவரைக் கண்டாலும் எழுந்து நிற்பார். வீட்டுக்கு எரிவாயு உருளை கொண்டுவருபவர் உட்காரச் சொன்ன பிறகே உட்காருவார். அண்மையில் ஞாபகம் கொஞ்சம் நழுவத் தொடங்கியிருந்தது. சர்க்கரை நோய் வேறு. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் மதியத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். தாமதித்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அதற்கு மேலும் தாமதித்தால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

ஆகையால் டிபன் டப்பாவும் ஒரு பொட்டலம் மிட்டாயும் அவள் கைப்பையில் இருந்தன.

காட்சித்திடலின் வாசலிலேயே பாதுகாப்புக் காரணம் காட்டிக் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் கூடாரம், குழந்தைகள் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்த ஏவுகணை மாதிரி ஒன்றுக்கும் கழிப்பறை வரிசைக்கும் நடுவில் இருந்தது. காற்று ஒரு பக்கமிருந்து வீசினால் விமான எரிபொருளின் நெடி. மறுபக்கமிருந்து வீசினால் அதைவிட மோசம். கூடாரத்தின் நெற்றியில் துணிப்பதாகை: 'எல்லாக் குரலும் அடங்கும்போது எங்கள் குரல் எழும்'. மேசைமேல் பளபளப்பான கருவிகள். அவற்றின் மின்கம்பிகளைச் சுருட்டி, ரிப்பன் கட்டி, பக்கத்திலேயே காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

மேசைக்கு முன்னால் குழந்தைகளின் வரிசை. ஒவ்வொரு குழந்தையும் மின்சாரமில்லாத மைக்கில் "ஹலோ, நான் பேசறேன்" என்று சொல்லும். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் உறுப்பினர், "உங்கள் குரல் ஐந்து ஒன்பது, ஓவர்!" என்று வாயால் கத்துவார். குழந்தைக்கு ஒரு வண்ண அட்டை: 'இவர் வானொலியில் தொடர்பு கொண்டார்'. ஒரு சிறுமி திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். அவள் அட்டை திரும்பப் பெறப்பட்டது.

படையின் தொடர்பு அதிகாரி வெள்ளைக் கையுறையோடு வந்து சுற்றிப் பார்த்தார். "போன வருஷம் இந்த எடத்துல நாய்க்குட்டி விக்கறவங்க இருந்தாங்க. ஒரே சத்தம். நீங்க எவ்வளவோ பரவாயில்ல" என்றார். இதைத் தலைவர் உடனே செயலாளரைக் கொண்டு குறித்துவைத்துக்கொள்ளச் செய்தார்.

அன்றைய நிகழ்ச்சிகளின் சிகரம் பிற்பகல் மூன்று மணிக்கு இருந்தது. கூட்டத்தில் காணாமற்போன முதியவர் ஒருவரை வானொலியாளர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஒத்திகை. திடலின் கோடியில் நின்ற பழைய சரக்கு விமானத்தின் கதவைத் தளபதி திறப்பார், உள்ளே முதியவர் இருப்பார், கண்டுபிடிக்கப்படுவார். முதியவராக நடிக்கச் செயலாளரின் மச்சானும், அவரைக் காணவில்லை என்று வந்து அழச் செயலாளரின் மனைவியும் அமர்த்தப்பட்டிருந்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரி தகப்பனாரைக் கூடாரத்தின் ஓரத்தில், கணவரின் நாற்காலிக்கு நாலடி தள்ளி நிழலில் உட்கார வைத்தாள். "தண்ணி பிடிச்சுட்டு வந்திடறேன். அப்பாவக் கொஞ்சம் பாத்துக்கங்க. வந்ததும் சாப்பாடு கொடுக்கணும்."

"ரோஜர்" என்றார் கணவர். செய்தி கிடைத்தது என்பதற்குச் சங்கத்தில் வழங்கும் சொல் அது.

தண்ணீர்க் குழாயில் நீண்ட வரிசை. அவள் திரும்பி வந்தபோது நாற்காலி இருந்தது. அப்பா இல்லை.

"என்னங்க, அப்பா எங்க?"

கணவர் ஒரு விரலை உயர்த்தி அவளை நிறுத்தினார். எதிரே நின்ற குழந்தைக்கு அட்டையைக் கொடுத்து, "எழுபத்து மூன்று" என்று வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். "மாமா இங்கதான் இருந்தார். எங்க போயிடப் போறார்?"

"அதைத்தான் நான் கேக்கறேன். எழுந்து வாங்க, தேடலாம். சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு."

"நிலைய இயக்குநர் இருக்கைய விட்டு எழுந்தா நிலையம் அணைஞ்ச மாதிரி."

"அது காலைலேர்ந்து அணைஞ்சுதானே கெடக்கு?"

"அது வேற விஷயம்." அவர் குரல் திடீரென்று அச்சடித்தாற்போல் ஆயிற்று. "உன் செய்தி தெளிவாகக் கிடைத்தது. ஐந்து ஒன்பது. மேலிடத்துக்கு அனுப்புகிறேன்." மைக்கின் பொத்தானை அழுத்தி, செய்தியை அதில் சொல்லி, பொத்தானை விட்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார். உயிரற்ற பெட்டியின் முன்னால், கடமையைச் செய்து முடித்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அவள் செயலாளரிடம் ஓடினாள். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப்பையில் நாலு நிறப் பேனாக்கள்.

"சார், எங்கப்பாவக் காணோம்!"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவேவா? அது ரெண்டரைக்குத்தானே?"

"எது ரெண்டரைக்கு?"

"நீங்க வந்து காணோம்னு சொல்றது. அதுவும் நீங்க சொல்லக் கூடாது, எங்க வீட்டம்மா சொல்லணும். ஒரு வாரமாப் பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. உங்கள யார் மாத்தினது?"

"யாரும் மாத்தல சார். நெஜமாவே காணோம். சர்க்கரைக்காரர், இன்னும் சாப்பிடல, மயங்கிடுவார்!"

செயலாளர் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான மதிப்புத் தோன்றியது. "பிரமாதம். இந்த நடுக்கம் இருக்கு பாருங்க, அது எங்க வீட்டம்மாவுக்கு வரவே மாட்டேங்குது. சர்க்கரைங்கறது நல்ல சேர்க்கை. நாங்க யோசிக்கல." பச்சைப் பேனாவை எடுத்தார். "சரி, வந்தது வந்துட்டீங்க. முறையாச் சொல்லுங்க. மொதல்ல 'ஒத்திகை, ஒத்திகை, ஒத்திகை'ன்னு மூணு தடவ சொல்லணும். அப்புறம்தான் செய்தி."

"இது ஒத்திகை இல்ல சார்!"

"ஒத்திகை இல்லாத செய்திக்கு இன்னும் நாங்க வழிமுறை வகுக்கலையே."

அவர் பொய் சொல்லவில்லை. சங்கம் தோன்றிய நாளிலிருந்து ஆண்டுதோறும் வெள்ளம், தீ, நிலநடுக்கம் என்று ஒத்திகை நடந்திருந்தது. ஒத்திகை இல்லாத ஒன்று வந்து நின்றால் அதை என்ன சொல்லி வரவேற்பது என்று எந்தச் செயற்குழுவிலும் பேச்சு எழுந்ததில்லை.

அங்கிருந்து படையின் உதவி மேசைக்கு ஓடினாள். வெள்ளைக் கையுறை அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒலிபெருக்கில சொல்லுங்க சார். நீலக் கட்டம் போட்ட சட்டை, வழுக்கைத் தலை. ஒரு நிமிஷம் போதும்."

"ஒலிபெருக்கி விமானங்களுக்கும்மா. இப்ப மேல போறது எந்த ரகம், எவ்வளவு வேகம்னு ஜனங்களுக்குச் சொல்லணும் இல்லையா? மனுஷங்க காணாமப் போறதுக்குன்னே வானொலிச் சங்கத்துக்குக் கூடாரம் கொடுத்திருக்கோம். அவங்க கிட்டப் போங்க."

"அவங்க கிட்டேர்ந்துதான் வர்றேன். அவங்க கருவியெல்லாம் அணைச்சு வெச்சிருக்காங்க."

"ஆமா, நாங்கதான் அணைக்கச் சொன்னோம்" என்றார் அதிகாரி பெருமிதத்தோடு. "அப்படியே கேட்டு நடக்கறாங்க. அந்த மாதிரி ஆட்கள் கையில உங்கப்பாவ ஒப்படைக்க என்ன கவலை?"

அவள் கூட்டத்துக்குள் இறங்கித் தேடினாள். ஐந்து விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு மேலே போயின. எல்லா முகங்களும் வானத்தைப் பார்த்திருந்தன. எல்லா வாய்களும் பிளந்திருந்தன. காலடியில் ஒரு மனிதர் விழுந்து கிடந்தாலும் அந்தக் கூட்டம் அவர்மேல் நின்றுகொண்டே கைத்தட்டியிருக்கும். அவள் ஒருத்திதான் கீழே பார்த்துக்கொண்டு நடந்தாள். நசுங்கிய காகிதக் கோப்பைகளையும், உருகி ஒட்டிய ஐஸ்கிரீமையும், யாரோ வாந்தியெடுத்ததன்மேல் தூவிய மணலையும் தாண்டி நடந்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் கண்டு ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். வேறு யாரோ. மற்றொன்று. அதுவும் வேறு யாரோ. அப்பா வழக்கமாக வழியில் யாராவது அட்டை மாட்டியவர் கிடைத்தால் அவர் பின்னால் போய்விடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே ஆயிரம் பேர் அட்டை மாட்டியிருந்தார்கள்.

ஹெலிகாப்டர் ஒன்றின் நிழலில், தலையில் கட்டும் கையில் தடியுமாக ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். கட்டில் சிவப்பு மை பூசியிருந்தது. அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா, வந்தீங்களா! நான்தான் செயலாளரோட மச்சான். என்னக் காணாமப் போக்கறதுக்கு ஆள் வரும்னாங்க, வரவே இல்ல. காலைலேர்ந்து வேஷம் கட்டிட்டு நிக்கறேன். இப்படியா ஒரு மனுஷன அவமானப்படுத்தறது?"

"உங்களக் கூட்டிட்டுப் போக ஆளே வரலையா?"

"வந்தான் ஒருத்தன், காதுல கருவி மாட்டினவன். என்னத் தாண்டிப் போயிட்டான். போகும்போது கையில வேற ஒரு கெழவரப் பிடிச்சுட்டுப் போறான்! யாரு சிபாரிசோ தெரியல."

"எந்தப் பக்கம்?" என்ற கேள்வி அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்பே கால்கள் சரக்கு விமானத்தை நோக்கி ஓடின.

விமானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கதவருகே காதுக்கருவிக்காரர் காவல் நின்றார். கருவியின் கம்பி அவருடைய சட்டைப்பைக்குள் போய் முடிந்தது. பையில் ஒரு சீப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உள்ள ஒரு பெரியவர் இருக்காரா?"

"அது ரகசியம்."

"நீலக் கட்டம் போட்ட சட்டையா?"

"அது அதைவிட ரகசியம்."

"ஐயா, அவர் எங்கப்பா! நீங்க ஆள் மாத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க!"

"மாறவே மாறாது" என்றார் காதுக்கருவிக்காரர் அமைதியாக. "நம்ம கூடாரத்தோரத்துல உட்காந்திருந்தார். 'காணாமப் போகவேண்டியவர் நீங்கதானே'ன்னு கேட்டேன். எழுந்து நின்னு, 'சொன்னாப் போறேங்க'ன்னார். இத்தன வருஷ அனுபவத்துல இப்படி ஒத்துழைப்பு நான் பாத்ததே இல்ல."

"அவர் இன்னும் சாப்பிடல. கதவத் திறங்க, உயிருக்கு ஆபத்து."

"கண்டுபிடிப்பு மூணு மணிக்கு. அதுக்கு முன்னால திறந்தா அது கண்டுபிடிப்பு ஆகாது." ஆயினும் அவர் இரக்கமற்றவர் அல்லர். இடுப்பிலிருந்த கைக்கருவியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார். "காணாமற்போனவருக்கு உணவளிக்க அனுமதி கோருகிறேன். ஓவர்." காதுகொடுத்துக் கேட்டார். ஒரு நிமிடம் கழிந்தது. "பதில் வரலையே."

"அதுல கரன்ட்டே இல்லையே!"

"அது எனக்குத் தெரியாதாம்மா? இருந்தாலும் அனுமதியில்லாம எப்படி?"

கண்ணாடிக்கடைக்காரி கயிற்றைத் தூக்கிக் குனிந்து போய், விமானத்தின் கதவை இழுத்துத் திறந்து உள்ளே நுழைந்தாள். அவளைத் துரத்துவதற்குக் காவலிடத்தை விட்டு நகரவேண்டும். நகர்வதற்கு அனுமதி வேண்டும். அவர் மறுபடி கைக்கருவியை வாயருகே கொண்டுபோனார்.

விமானத்தின் வயிறு அடுப்பில் வைத்த தகரம்போல் இருந்தது. பழைய எண்ணெயும் எலிப் புழுக்கையும் கலந்த நெடி. ஒரு மடக்கு நாற்காலியில், முதுகு வளையாமல், முழங்கால்மேல் இரு கைகளையும் வைத்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. கழுத்தில் நாடாவில் ஓர் அட்டை தொங்கியது: 'காணாமற்போனவர்'. வேர்வையில் அதன் மை கரைந்து சட்டையில் நீலமாக வழிந்திருந்தது.

"அப்பா!"

அவர் கண்கள் அவளைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரமாயிற்று. "எழுந்திரிக்கக் கூ... கூடாதுன்னாங்கம்மா" என்று குழறினார். "நான் எழுந்திரிக்கல."

அவள் மிட்டாய்களை உறைபிரித்து ஒவ்வொன்றாக வாயில் ஊட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டப்பாவைத் திறந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். நடுக்கம் மெதுவாக அடங்கிற்று. "கதவு சாத்தினப்புறம் கொஞ்சம் இருட்டா இருந்துது" என்றார் அப்பா, இப்போது குழறாமல். "தட்டலாமான்னு பாத்தேன். தட்டச் சொல்லலையே, அதான்."

வெளியே காலடிகள். கதவு அகலத் திறந்தது. தலைவரும் செயலாளரும் நின்றார்கள்.

"கண்டுபிடிச்சுட்டாங்களா?" தலைவரின் குரல் பதறிற்று. "யார் கண்டுபிடிச்சது? எந்த நிலையம்?"

"அழைப்புக் குறி இல்லாதவங்க சார்" என்றார் செயலாளர், நோயின் பெயரைச் சொல்வதுபோல. "துணைச் செயலாளரோட முன்னாள் இளம்பெண்."

"இவர் எங்கப்பா. இவருக்கும் உங்க ஒத்திகைக்கும் சம்பந்தம் கிடையாது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா செத்திருப்பார்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா, சங்கத்துக்குக் கெட்ட பேர் வரும்" என்றார் தலைவர். பிறகு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அவர் பேசியது முழுவதும் மனப்பூர்வமானது. "உங்க வேதனை எனக்குப் புரியாம இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, தளபதி கார்ல ஏறியாச்சு. அவர் வந்து திறக்கும்போது முதியவர் ஏற்கெனவே கெடச்சிருந்தா நாங்க எதுக்கு? காணாமப் போனவங்கள யார் வேணும்னாலும் சும்மா நடந்துபோய்க் கண்டுபிடிச்சிடலாம்னு ஆயிட்டா, நாளைக்கு வானொலிய யார் மதிப்பாங்க?" அவர் அப்பாவின் பக்கம் குனிந்தார். எச்சில் தெறித்தது. கழுத்திலிருந்த பெரிய அட்டை அப்பாவின் முகத்துக்கு நேரே ஊசலாடிற்று. "பெரியவரே, பத்தே நிமிஷம். இன்னொரு தடவ காணாமப் போயிடுங்க."

அப்பா தலைவரின் அட்டையைப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லி, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, விமானத்தின் உட்புறத்து இருட்டை நோக்கி ஓரடி வைத்தார்.

கண்ணாடிக்கடைக்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் நின்றார். ஆனால் திரும்பவில்லை; அவர் கண்கள் தலைவரின் கழுத்திலேயே இருந்தன. வாழ்நாள் முழுவதும் சேர்ந்த பழக்கத்தை ஒரு மகளின் குரலால் முறிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் அப்பாவின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்கப்பா. கீழ போகணும்."

அப்பா அட்டையைப் பார்த்தார். உடனே திரும்பி, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, "போலாங்க" என்றார்.

'காணாமற்போனவர்' என்று எழுதிய அட்டையோடு அவள் தகப்பனாரைக் கைப்பிடித்துத் திடலின் குறுக்கே நடத்திச் சென்றாள். அட்டை மாட்டிய பலர் எதிரே வந்தார்கள். அதைப் படித்துவிட்டு மரியாதையாக வழிவிட்டார்கள். வாசலருகே ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. அதன் கதவில், 'காட்சிப்பொருள், தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

அவர்கள் கைப்பேசியைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி முதல்முறையாக மனிதர்களைப் பற்றிப் பேசிற்று. தளபதியின் குரல்: "இன்று நாள் முழுவதும் வானொலிச் சங்கம் இங்கே இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தை இதற்குமேல் பாராட்ட எனக்குச் சொற்கள் இல்லை." அதைத் தொடர்ந்து, அப்பாவின் இடத்துக்கு ஒருவழியாகக் கொண்டுவரப்பட்ட செயலாளரின் மச்சான் எழுப்பிய முனகல். அது மிக நேர்த்தியாக இருந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்னர் கனிந்த குரலில் ஓர் அறிவிப்பு: "நிலையத்திலிருந்து துணைச் செயலாளர் பேசுகிறேன். காணாமற்போன முதியவர் முழு நலத்துடன் மீட்கப்பட்டார். செய்தி ஐந்து ஒன்பது!"

அப்பா நின்று காதுகொடுத்தார். "மாப்பிள்ளை குரலாச்சே. யாரோ தொலைஞ்சுபோயிட்டாங்க போலிருக்கு. எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க." முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு."

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு, உரிய நேரத்தில் மிட்டாய் போயிற்று என்றார். இரவு வயிறாரச் சாப்பிடச் சொன்னார்.

கணவர் பொழுது சாயும் வேளையில் கேடயத்தோடு வந்தார். கேடயத்தில், மைக்கின் முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதத் தலை பொறித்திருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்து, "என்ன மாமா, காட்சி எப்படி இருந்தது?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

"நீ பாதியிலேயே போயிட்டே" என்றார் மனைவியிடம். "தளபதி கையாலயே கொடுத்தார். நீ சொன்ன செய்திய நான் ஒரு வார்த்த விடாம அனுப்பினேன், தெரியுமா?"

"தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"எங்க போச்சோ, யாருக்குக் கெடச்சுதோ, அது வேற விஷயம். நான் அனுப்பிட்டேன். இப்ப இத உலகத்துக்குச் சொல்லணும். காத்துல கம்பி தொய்ஞ்சு கெடக்கு, கொஞ்சம் இழுத்துக் கட்டிட்டு வந்திடறேன்." கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி, அங்கிருந்து மூங்கில் ஏணிவழியே தண்ணீர்த்தொட்டியின் உச்சிக்கு ஏறினார்.

கண்ணாடிக்கடைக்காரி அப்பாவின் முன்னால் தட்டை வைத்து, முதல் கரண்டியைப் பரிமாறினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது ஏணியும் அவளோடு வந்தது. அதைக் கூடத்தின் சுவரோரமாகக் கிடத்திவிட்டுக் கையைக் கழுவினாள். நாளைக் காலையில் முதல் வேலையாகக் கடையின் பெயர்ப்பலகையைத் துடைக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "இங்க பாரு! ஏணியக் காணோம்!"

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "மாப்பிள்ளை கூப்பிடறாரேம்மா."

"கேக்குதுப்பா. நீங்க சாப்பிடுங்க."

"இருட்டிட்டு வருது! எறங்க முடியல! நான் சொல்றது கேக்குதா இல்லையா?"

அவள் ஜன்னலருகே போனாள். தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில், கலைந்த ஏரியல் கம்பிகளுக்கு நடுவே, கேடயத்தை மார்போடு அணைத்தபடி துணைச் செயலாளர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் மின்சாரம் இல்லை, படை இல்லை, தடை இல்லை. ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது.

"உங்கள் செய்தி தெளிவாகக் கிடைத்தது!" என்று அவள் உரத்துச் சொன்னாள். "ஐந்து ஒன்பது!"



"எழுபத்து மூன்று" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு வந்து, அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.